நகத்தோரம்

வலி வந்தால் அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொள்வது மனுஷ சுபாவம். எனக்கு வந்த வலியில் அந்த ஆறுதலும் கிடையாது. தொட்டாலே அது வரும். இடது கன்னத்தில், மூக்குக்கும் காதுக்கும் நடுவே ஒரு இடம். காற்றுப் பட்டால், பல் தேய்த்தால், சில நாள் சும்மா பேசினால்கூட, கரண்ட் கம்பியில் கை பட்டது போல ஒரு வெட்டு. சில நொடிகள்தான். அதற்குள் இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும், வாய் ஒரு பக்கமாக இழுக்கும், பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நிற்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு நான் யாரையோ பழித்துக் காட்டியது போல இருந்திருக்கும்.

முதல்முறை பஸ்ஸில் வந்தது. எனக்கு வீடு சிதம்பரத்தில், அலுவலகம் கடலூரில். காலையில் போகும்போது வெயில் படாத பக்கம் என்று இடதுபுற ஜன்னலில் உட்காருவேன். மாலையில் திரும்பும்போது வெயில் மேற்கே போயிருக்கும், அப்போதும் வெயில் படாதது இடதுபுற ஜன்னல்தான். இத்தனை வருஷமாக அந்தச் சாலையின் காற்று முழுக்க என் இடது கன்னத்தில்தான் அடித்திருக்கிறது. அதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு என்னவோ அதன்மேல்தான் சந்தேகம். புதுச்சத்திரம் தாண்டும்போது முதல் வெட்டு விழுந்தது. பல்வலி என்று நினைத்தேன்.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிக்கிறவளுக்குத் தெரியாதா எந்தப் பல் என்று? பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பல் போனது, வலி அப்படியே இருந்தது. பிறகு பாண்டிச்சேரியில் நரம்பு டாக்டரிடம் போனேன். முகத்து நரம்பு சம்பந்தப்பட்டது என்றார், மாத்திரை எழுதினார், உயிருக்கு ஆபத்தில்லை என்றார். அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாத்திரை வேலை செய்தது, பாதி. வெட்டுகள் குறைந்தன. ஆனால் பகலெல்லாம் தூக்கம். ஃபைலில் எழுத்துகள் மிதக்கும். கடலூர் பஸ் ஸ்டாண்டு வந்து எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து எழுப்புவார். விடியும் முன் எழுந்து சமைத்து, மகளுக்கும் எனக்கும் டப்பா கட்டி, பஸ்ஸைப் பிடித்து, வேலை பார்த்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. கணவர் குவைத்தில். தினம் போனில் வருவார், சாப்பிட்டாயா என்பார், வைத்துவிடுவார். அவர் பாடு அங்கே அவருக்கு. நான் குறையாகச் சொல்லவில்லை. யாரிடம் எதைச் சொன்னாலும் வேலை குறையப் போவதில்லை என்பதால் சொல்லாமலே இருந்து பழகிவிட்டேன்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆசை ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியில் ஏதோ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் எனக்கு ஒரு வெட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சிரிக்கக் கூடாது. ஒருவாட்டி பண்ணிப் பாருங்க."

"என்னம்மா பண்ணணும்?"

"உடம்புல எனர்ஜி ஓடுற பாதையில அங்கங்க அடைப்பு விழுந்துடுதாம். நாம மனசுல அமுக்கி வச்சது எல்லாம்தான் அடைப்பு. விரலால தட்டித் தட்டி அத எடுத்து விடணும்."

"முனிசிபாலிட்டி வேலையா இருக்குதே" என்றேன்.

அவள் விடவில்லை. எங்கெங்கே தட்ட வேண்டும் என்று காட்டினாள். புருவத்தின் ஆரம்பம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடை. எல்லாமே முகத்தில். தொட்டாலே உயிர் போகிற இடத்தைத் தட்டச் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னொரு வெட்டு விழுந்தது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. உடனே வகுப்பு எடுக்கிறவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். முகம் முடியாவிட்டால் விரல்களில் தட்டலாமாம். ஒரு கையின் விரல் நகத்தோரத்தில் இன்னொரு கையின் விரலால் மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

தட்டும்போது சொல்வதற்கு ஒரு வாக்கியமும் உண்டு. எனக்கு இந்த வலி இருந்தாலும் நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

"என்ன நானே நேசிக்கிறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லம்மா. காலையில அந்த பஸ்ஸ விட்டா நின்னுக்கினுதான் வரணும்."

"சரி, அத விடுங்க. அந்த வலிக்குள்ள என்ன உணர்ச்சி இருக்குதுன்னு பாருங்க. கோவமா? துக்கமா? அதப் பேர் சொல்லித் தட்டுனாலும் போதும்."

கோபம் என்றுதான் சொல்லப் போனேன். கோபத்துக்கு எனக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் யார்மேல் என்று தேடிப் பார்த்தால் ஒருவர்மேலும் நிற்கவில்லை. கணவர்மேல் வைத்தேன், நிற்கவில்லை. வேலையை என் மேசைக்குத் தள்ளிவிடுகிற சூப்பிரண்டு மேல் வைத்தேன், அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் அடியில் கிடந்தது வேறு.

"அலுப்பும்மா" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல. அலுப்பு."

"அப்ப அதையே சொல்லுங்க."

கட்டை விரல் நகத்தோரத்தைத் தட்டிக்கொண்டு, எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிரே மோர்சாதம் அப்படியே இருந்தது. அந்தப் பெண் என் டப்பாவை மூடி வைத்தாள்.

அதிலிருந்து எனக்கென்று ஒரு வாக்கியம் ஆகிவிட்டது. எனக்கு அலுப்பா இருக்குது, இருந்தாலும் இருக்கேன். நேசம், ஏற்பு எல்லாம் அதில் கிடையாது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வலி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மாத்திரையையும் நிறுத்தவில்லை. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். ஆனால் ஒன்று நடந்தது. வெட்டு விழுவது சில நொடி, அது எப்போது விழுமோ என்ற பயம் நாள் முழுக்க. அந்தப் பயம் கொஞ்சம் குறைந்தது. வலி வரும்போது கைகளுக்கு ஒரு வேலை இருந்தது. எனர்ஜியோ அடைப்போ, எனக்குத் தெரியாது. பஸ்ஸில் முந்தானைக்கு அடியில் விரல்களைத் தட்டிக்கொண்டே கடலூர் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அதற்குப் பதிலாக, விரல்விட்டு எண்ணி இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரு ஓதலாமே என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ஓதாமல் இல்லை. தொழுத பிறகு உட்கார்ந்து ஓதுவேன். ஆனால் வலி வெட்டுகிற நேரத்தில் அல்லாஹ்வின் பெயரை மாத்திரை போல வாயில் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை. வலி குறையாவிட்டால் யாரைக் கோபித்துக்கொள்வது? அதனால் தொழுகையைத் தனியாக வைத்துக்கொண்டேன், தட்டலைத் தனியாக வைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு இடம் வந்தது. முன்னால் ஒரு இடம் வந்து, எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் நின்றுபோயிருந்தது. பெண்ணின் தாயாருக்கு நரம்பு வியாதியாமே, அது பெண்ணுக்கும் வருமோ என்று யார் மூலமோ கேட்டார்கள். அது அப்படி வருகிற வியாதியில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி அனுப்பினோம். அதன்பிறகு அவர்கள் போனையே எடுக்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை அவள் என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறாள். அது என்னை எந்த வெட்டையும்விட அதிகமாக வாட்டியது.

இப்போது வந்த இடம் கடலூர் ஓ.டி.யில், பழைய டவுன் பக்கம். பையன் சென்னையில் வேலை. மகள் அவனோடு போனில் பேசியிருந்தாள். பேசிவிட்டு வந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளுக்குப் பிடித்திருக்கிறது. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு உடுத்த வேண்டியதை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்து இஸ்திரி போட்டாள்.

குவைத்திலிருந்து அவர் பேசினார். "இந்த எடமும் கை நழுவிப் போச்சுன்னா அவ மனசு ஒடஞ்சிடும். அவுங்க இருக்கிற நேரம் மட்டும் எப்படியாச்சும் சமாளிச்சுக்க. மூஞ்சில காட்டிக்காத."

"அந்த வலிகிட்ட நீங்களே போன்ல சொல்லிடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் யாருடைய கன்னத்தையும் சும்மா விடமாட்டார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டால் பெண் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தங்கள் நெற்றியோரத்தில் வைத்து நெட்டி முறிப்பார்கள். சந்தோஷம் மிஞ்சினால் பெற்றவள் கன்னத்துக்கும் அது வரும். பேசி முடிந்தால் சீனியைக் கிள்ளி வாயில் போடுவார்கள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் அதைவிட அவமரியாதை இல்லை. ஆசையாக நீட்டுகிற கையைப் பார்த்து நடுங்குகிற நிலைமை எனக்கு.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஆண்கள் முன் அறையில் உட்கார, பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை, அவருடைய தகப்பனாரின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்பது அவர் செருப்பைக் கழற்றிய தோரணையிலேயே தெரிந்தது. கை கழுவப் போன இடத்தில் இரண்டு குழாயையும் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பின்னால் வந்தவர் மாப்பிள்ளையின் தாயார். கணவரை இழந்தவர், மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

காற்றுப் படக் கூடாது என்று மின்விசிறியைக் கொஞ்சமாகச் சுழலவிட்டிருந்தேன். அத்தை வந்ததும் அதைக் கூட்டச் சொன்னார். மகள் ஓடிப்போய் சுவிட்சருகே நின்று, ரெகுலேட்டர் சரியில்லை என்று ஒரு பொய் சொன்னாள். சொல்லிவிட்டு, தட்டை ஏந்திக்கொண்டு வேர்த்து வழிய நின்றாள். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். அத்தைக்குப் பிடித்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்" என்று எழுந்து மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். படபடவென்று விரல்கள் முறிந்தன. என் பக்கம் திரும்பினார். "இப்படி வளத்தவளுக்கும் பண்ணணுமே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்தார்.

வெட்டு விழுந்தது. ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. கத்தாமல் இருப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கைகள் தாமாகவே முந்தானைக்குள் போயின. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். எனக்கு அலுப்பா இருக்குது, இருந்தாலும் இருக்கேன். இடது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவது தெரிந்தது. துடைக்க முடியாது, துடைத்தால் அடுத்தது விழும். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"என்னம்மா ஆச்சு? மூஞ்சி ஒரு மாதிரி போவுதே?" என்றார் அத்தை.

அப்போது பக்கத்திலிருந்து அந்தத் தாயாரின் குரல் வந்தது. "அண்ணி, அவுங்க திக்ருல இருக்காங்க. கையப் பாருங்க. இப்ப பேச்சு குடுக்காதீங்க."

அத்தை தன் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கூட வந்த பெண்களும் மூடிக்கொண்டார்கள். என் வலி தீருகிறவரை அத்தனை பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். என் கண்ணீரைக் கண்டு ஒருத்தி தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நிமிர்ந்தபோது அத்தையின் முகமே மாறியிருந்தது. "இந்த மாதிரி ஊட்டுலதான் பொண்ணு எடுக்கணும்" என்றார். சீனிக் கிண்ணத்தை எடுக்க அவர் கையை நீட்டுவதற்குள் அந்தத் தாயார் எடுத்து, ஒரு சிட்டிகையை என் வாயின் வலது ஓரத்தில் வைத்தார். நல்லவேளை, அந்தப் பக்கமாக வைத்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த புகழைச் சொல்லி மாளாது. அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் போன் செய்து, தன் பையன் பரீட்சை எழுதுகிறான், துவா செய்யுங்கள் என்றார். பக்கத்து மேசைப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இப்பவாவது இதுக்குப் பவர் இருக்குதுன்னு ஒத்துக்குங்க." எனக்குச் சிரிக்க முடியவில்லை. ஓதாமலே ஓதியதாகப் பேர் வாங்கியது உறுத்தியது. அதைவிட, மகள் போய் வாழப் போகிற வீட்டில் முதல் நாளே ஒரு பொய்யைப் போட்டு வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் என் முகம் அவர்கள் எதிரே கோணத்தான் போகிறது. அப்போது கேள்வி அவளிடம்தான் போகும்.

மகளிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. "நிக்காஹ் முடியட்டுமேம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

கல்யாணப் புடவையின் நிறம் பார்க்க வேண்டும், அலுவலகம் விட்டதும் வந்து போங்கள் என்று மாப்பிள்ளையின் தாயார் கூப்பிட்டார். ஷேர் ஆட்டோவில் ஓ.டி. போய் இறங்கினேன். வழியெல்லாம் விரலைத் தட்டிக்கொண்டே போனேன். வலிக்காக அல்ல, சொல்லப் போவதற்காக. அத்தை பக்கத்துத் தெருவில் பயான் கேட்க, மார்க்கச் சொற்பொழிவுக்குப் போயிருந்தார். வீட்டில் அந்த அம்மா மட்டும்தான்.

உள்ளே புழுக்கம். நான் உட்கார்ந்ததும் அவர் எழுந்துபோய் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். டீயை நன்றாக ஆற்றி, வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் புரியவில்லை. புரிந்தும் நம்பவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் திக்ரு பண்ணல."

"தெரியும்" என்றார்.

புடவையைப் பிரித்துக்கொண்டே பேசினார். "திக்ரு பண்றவங்க கட்டவிரலால கணுக்கணுவா தொட்டு எண்ணுவாங்க. நீங்க நகத்தோரமா தட்டிக்கினு இருந்தீங்க. அப்புறம், உங்களுக்கு ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வந்துச்சு. துவாவுல அழுதா ரெண்டு கண்ணுலயும்தான வரும்?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எங்க அண்ணி இன்னொரு கேள்வி கேக்குறதுக்குள்ள ஏதாச்சும் சொல்லணும். வாயில வந்தது அதுதான். அல்லாஹ் மன்னிக்கணும்." புடவையை மடியில் வைத்துக்கொண்டார். "நான் இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல எனக்கு ஒத்தத் தலவலி. வந்துச்சுன்னா வெளிச்சத்தப் பாக்க முடியாது, வாந்தியா எடுக்கும். நோய்க்காரிய நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு இதே எடத்துல உக்காந்து பேசினாங்க. நான் அந்த ரூம்ல படுத்துக்கினு கேட்டுக்கினு இருந்தேன். எனக்காக ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லல."

"இது பொண்ணுக்கு வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அவசரமாகச் சொன்னேன்.

"வந்தா பாத்துக்குவோம். ஒங்களுக்குக் காத்து படக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு ஃபேனக் கூட்டாம வேர்த்துக்கினு நின்னுச்சே. நான் அதப் பாத்துக்கினுதான் இருந்தேன். எனக்கு அது போதும்."

பிறகு, அந்தத் தட்டுகிறதை எனக்கும் காட்டுங்களேன் என்றார். இப்போதும் தலைவலி வருகிறதாம், யாருக்கும் தெரியாதாம். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகக் காட்டிக் கொடுத்தேன். தட்டும்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். நான் சொல்கிறதைச் சொன்னேன். அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. நாங்கள் புடவையைப் பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு நிறத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல்வரை வந்தார். ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பப் போனேன். பழக்கதோஷத்தில் அவர் இரண்டு கையும் என் முகத்தை நோக்கி வந்தன. எனக்கு உடம்பு கூசியது. ஆனால் கைகள் கன்னத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றன. அங்கேயே, வெறும் காற்றில், என் முகத்தின் அளவுக்கு மேலிருந்து கீழே வழித்தார். அப்படியே கொண்டுபோய்த் தன் நெற்றியோரத்தில் வைத்து நெட்டி முறித்தார். அத்தனை விரலும் முறிந்தது. என்மேல் ஒரு நகம்கூடப் படவில்லை.

பஸ்ஸில் இடதுபுற ஜன்னல் காலியாக இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் வருகிறவரை அழுதுகொண்டே போனேன். வலி எதுவும் இல்லை. இரண்டு கண்ணிலும் வந்தது.